மேடு இல்லாத கோடு

கதை எழுதும் தகுதி இல்லை என்று நன்கறிந்தும் இதனை எழுதத் துணிந்தமைக்கு வாசகப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். பள்ளியில் கட்டுரை எழுதியதுண்டு. அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதியதுண்டு. கதை இதுவே முதல். இதில் வரும் ஆய்வு நிலையத்துக்கு ஒரு பெயர் சூட்டும் துணிவுகூட வரவில்லை. ஆகவே அதனை ‘நிலையம்’ என்றே குறிப்பிடுகிறேன். எவர் மனமேனும் இதனால் புண்பட்டால் அதற்கும் முன்கூட்டியே வருந்துகிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நிலையம் தீவின் மேற்கே, ஜூரோங் செல்லும் ரயிலின் சன்னலோரத்தில் அமர்ந்தால் தெரிகிற இடத்தில் இருந்தது. முகப்பு முழுவதும் கண்ணாடி. உள்ளே நுழைந்ததும் ‘வியப்பே எங்கள் வழமை’ என்று நான்கு மொழிகளிலும் பொறித்திருந்தார்கள். அந்த வாசகத்தின் கீழே அடையாள அட்டையைக் காட்டிவிட்டு, அடித்தளத்துக்கு இறங்கிச் செல்கிறவர்களில் ஒருவர்தான் இளமதி. ஆங் மோ கியோவில் கணவர் ஷங்கருடன் வசிப்பவர். இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றவர். ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றுபவர். பச்சைப் பயறு அளவுள்ள ஒரு படிகத்தை நிலையத்தின் உலையில், இளஞ்சூட்டில், ஈராண்டு காலம் பொறுமையாக வளர்த்தெடுத்தவர் என்பதைத் தவிர அவரைப் பற்றி அப்போது சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை.

அந்தப் படிகத்தின் பெருமையைச் சற்று விளக்கிவிடுவது முறை. காந்தப் பொருள்களில் ஒவ்வோர் அணுவுக்குள்ளும் ஒரு சிறு திசைகாட்டி முள் இருப்பதாகப் பாவித்துக்கொள்ளலாம். பொருளைக் குளிரவைத்தால் அந்த முட்கள் ஏதோ ஓர் ஒழுங்குக்கு வந்து அப்படியே உறைந்துபோகும். அரிதான சில படிகங்களில் மட்டும் அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக அமர்ந்திருக்கும். ஒவ்வொரு முள்ளும் அண்டை முள்ளுக்கு எதிர்த்திசையில் நிற்க விரும்பும். இரண்டு முட்கள் ஒன்றுக்கொன்று எதிராக நின்றுவிட்டால், மூன்றாவது எந்தப் பக்கம் திரும்பினாலும் இருவரில் ஒருவருக்கு மனக்குறை. இதனை ‘விரக்தியுற்ற காந்தம்’ என்பார்கள். எவ்வளவு குளிரவைத்தாலும் முட்கள் உறையாமல், எல்லாமாகச் சேர்ந்து ஓயாது புரண்டுகொண்டே இருந்தால் அந்நிலைக்குக் ‘குவாண்டம் சுழல்திரவம்’ என்று பெயர். பெயரில்தான் திரவம், கையில் எடுத்தால் கல்.

இதனை மெய்ப்பிக்க, படிகத்தைக் குளிரவைத்துக்கொண்டே போய், அது வெப்பத்தை எவ்வளவு உள்வாங்குகிறது என்று அளந்து ஒரு கோடு வரைய வேண்டும். முட்கள் உறைகிற இடத்தில் கோடு திடீரென்று மேடு கட்டும். உறையாவிட்டால் மேடு இராது. உலகில் பலர் பல படிகங்களில் இதைத் தேடிப் புறப்பட்டிருக்கிறார்கள். பாதி வழியில் மேடு வந்து வீடு திரும்பியவர்களே அதிகம். இளமதியின் கோட்டில் அதுவரை மேடு வரவில்லை. மிகக் கடுங்குளிரான கடைசிப் பகுதி ஒன்றுதான் பாக்கி. அந்த ஒரு குளிர்வை முடித்துவிட்டால் கண்டுபிடிப்பா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆண்டிறுதியில் ஒப்பந்தம் முடிவதற்குள் அதை முடிக்க வேண்டும் என்பதே அவருடைய ஒரே கவலையாக இருந்தது.

இந்நிலையில்தான் ஆண்டுச் சாதனை மறுஆய்வுக் கூட்டம் வந்தது.

நிலையத்தின் இயக்குநர் பேராசிரியர் இராஜசிங்கம் தலைமை வகித்தார். (அவர் ஆங்கிலத்தில்தான் உரையாற்றுவார். மொழிபெயர்க்கும்போது அவருடைய நடையழகு குன்றியிருந்தால் பிழை என்னுடையதே.) ஒவ்வொரு குழுவும் அந்த ஆண்டில் என்ன நிகழ்ந்தது என்று சொல்ல வேண்டும். இளமதியின் முறை வந்தது.

“என்ன நிகழ்ந்தது?” என்று இயக்குநர் கேட்டார்.

“எதுவும் நிகழவில்லை, ஐயா. அதுதான் முடிவு.”

இளமதி அவசரமாகத் திரையில் கோட்டைக் காட்டி, மேடு இல்லாமையின் சிறப்பை எடுத்துரைத்தார். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் அணிந்துகொண்டார்.

“நண்பர்களே, எதுவும் நிகழாமல் இருப்பதை நான் மதிக்கிறேன். என் தலைமையின்கீழ் இந்நிலையத்தில் நெடுங்காலமாக எதுவும் நிகழாமல் இருந்திருக்கிறது. ஆனால் நாம் ஒருபோதும் அதைக் கோடு போட்டு வெளியில் காட்டியதில்லை. ஒரு நிறுவனத்தின் முதிர்ச்சி அங்கேதான் இருக்கிறது.”

அனைவரும் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். அடுத்து, ‘விரக்தியுற்ற காந்தங்கள் ஆய்வுக் குழு’ என்ற பெயர் பணியாளர் மனநலக் கொள்கைக்கு ஒவ்வாது என்று சுட்டிக்காட்டப்பட்டது. குழுவில் இருந்தவர்கள் இருவர்: இளமதியும், குளிரூட்டும் இயந்திரத்தைப் பராமரிக்கும் அப்துல் ஹமீதும். அன்று மாலையே அவர்கள் ‘உற்சாகக் காந்தங்கள் ஆய்வுக் குழு’வினர் ஆனார்கள்.

இறுதியாக ஒரு நற்செய்தி. நிலையத்தின் ‘குவாண்டம் முனைப்பு’ என்னும் திட்டம் விரைவில் தொடங்கிவைக்கப்பட இருக்கிறது. மிக உயர்ந்த சிறப்பு விருந்தினர் ஒருவர் வருகிறார். அவர் ஒரு பொத்தானை அழுத்துவார். அழுத்தியதும் இளமதியின் கோடு பெருந்திரையில் தோன்றும்.

“அக்கா, அழுத்தினவுடனே கோடு ‘ஜொய்ங்’னு மேல போகணும்,” என்றார் விழாப் பிரிவின் தலைவி ரக்ஷனா. வயதில் இளையவர், கையில் எப்போதும் ஒரு கைபேசி, கழுத்தில் இன்னொன்று. “ஃபிளாட்டா இருந்தா ஆடியன்ஸுக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரி மானிட்டர் ஞாபகம் வந்துடும்.”

“மேல போனா முள்ளெல்லாம் உறைஞ்சு போச்சுன்னு அர்த்தம் ரக்ஷனா. நாங்க சொல்றதே பொய்யின்னு ஆயிடும்.”

“ஓகே, ஓகே. அப்போ கொஞ்சமா மேல போகட்டும்.”

இளமதி அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். இயந்திரத்தின் பம்ப் ‘டுக்... டுக்...’ என்று சீராக அடித்துக்கொண்டிருந்தது. அப்துல் ஹமீது ஒரு குழாயில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது அவருடைய அன்றாடப் பழக்கம். கருவிகள் காட்டுகிற எண்களைவிடத் தம் காதையே நம்புவார் என்பதற்காக ஒருமுறை எச்சரிக்கப்பட்டவர்.

“என்ன டாக்டர், மேல என்ன சொன்னாங்க?”

“மேடு வேணுமாம், அண்ணே.”

“மேடா? புக்கிட் தீமா பக்கம் போகச் சொல்லுங்க லா. தீவுல மேடுன்னு இருக்கிறதே அங்கதான்.”

அன்றிரவு உணவின்போது ஷங்கர் கூட்டத்தைப் பற்றி விசாரித்தார். எதுவும் நிகழவில்லை என்று தாம் சொன்னதையும் அதற்குக் கிடைத்த பதிலையும் இளமதி சொன்னார். “நீ வேற,” என்றார் ஷங்கர். “என் ஆபீஸ்ல ஒண்ணும் நடக்கலன்னா அதுக்கு நாங்க ‘ஸீரோ இன்சிடென்ட்’னு போர்டு வெச்சுக் கொண்டாடுவோம். நீயும் ஒரு போர்டு வையேன்.” இளமதி சிரித்தார். அந்த அளவில் அவர் இன்னும் நம்பிக்கையோடுதான் இருந்தார்.

மறுவாரம் ஒத்திகைகள் தொடங்கின. ஒத்திகைக்கு முன்னொத்திகையும், முன்னொத்திகை எவ்வாறு நடந்தது என்று ஆராயும் கூட்டமும், அக்கூட்டத்துக்கு ஓர் ஒத்திகையும் இருந்தன. சிறப்பு விருந்தினரின் இடத்தில் நின்று நடந்து காட்ட ஒருவர் தேவைப்பட்டார். ஒலிவாங்கியின் உயரத்தையும் படக்கருவியின் கோணத்தையும் முன்னரே சரிசெய்ய வேண்டும் அல்லவா? விருந்தினர் ஒரு பெண்மணி. உயரம் சற்றுக் குறைவு. நிலையத்தில் அந்த உயரத்துக்கு ஒத்துவந்தவர் மனிதவளப் பிரிவின் விசாலாட்சி. ஊழியர் விடுப்புகளைக் கவனிப்பவர். எப்போதும் வேகமாக நடப்பவர். ஒத்திகைக்காக மெதுவாக நடக்கக் கற்றுக்கொண்டார்.

சில நாள்களிலேயே அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. பேசுபவரை நோக்கித் தலையை இலேசாகச் சாய்த்து, “சுவாரசியமாக இருக்கிறதே!” என்று சொல்லப் பழகினார். பணியாளர்கள் தம்மை அறியாமலே அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள். உணவுக்கூடத்தில் அவர் நுழைந்தபோது இரண்டு மேசைக்காரர்கள் எழுந்து நின்றுவிட்டு, எதற்காக எழுந்தோம் என்று புரியாமல் தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள்.

“விசாலாட்சிக்கா, குடிக்க பாலில்லாம தே ஓ ஒண்ணு வாங்கியாரவா?” என்று கேட்டார் ஹமீது.

“என் புரோட்டோகால் ஆபீசர்கிட்ட கேளுங்க லா,” என்றார் விசாலாட்சி. சிரிக்கவில்லை.

“சரிங்க மேடம். அப்படியே என் அன்பெய்ட் லீவையும் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

“அது நான் நாற்காலிக்குத் திரும்பினப்புறம்.”

ஒவ்வோர் ஒத்திகையிலும் விசாலாட்சி இளமதியிடம் “இதனால் நம் மக்களுக்கு என்ன பயன்?” என்று கேட்பார். இளமதி அதற்கு, மூன்று பிரிவுகள் ஒப்புதல் அளித்த ஒரு விடையைச் சொல்வார். விடை முதலில் இயற்பியலில் தொடங்கி இருந்தது. பிறகு இயற்பியல் அதிலிருந்து படிப்படியாக நீக்கப்பட்டு, கடைசியில் “மிகுந்த பயன் உண்டு” என்ற அளவில் நிலைபெற்றது.

ஐந்தாவதோ ஆறாவதோ ஒத்திகையில் ஒலிப்பதிவாளர் கையை உயர்த்தினார். நேரலையில் ‘டுக்... டுக்...’ என்று ஒரு சத்தம் வருகிறது என்றார். எங்கிருந்து என்று தேடிக்கொண்டு போனார்கள். சத்தம் அடித்தளத்தில், ஹமீதின் இயந்திரத்திலிருந்து வந்தது. படிகம் அப்போது இறுதிக் குளிர்வை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. விழாவின் தரத்தை முன்னிட்டு, எந்த ஆய்வுக்காக விழா எடுக்கிறார்களோ அந்த ஆய்வின் இயந்திரத்தை விழா முடியும்வரை நிறுத்திவைப்பது என்று முடிவாயிற்று.

இளமதி இயக்குநரின் அறைக்கு ஓடினார். இன்னும் கொஞ்ச காலம் போதும், கடைசிப் பகுதி மட்டும்தான், இப்போது சூடேற்றினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், ஆண்டிறுதிக்குள் முடியாமலே போகலாம் என்று சொன்னார்.

இயக்குநர் பரிவோடு கேட்டார். அவர் எப்போதும் பரிவோடுதான் கேட்பார்.

“டாக்டர் இளமதி, உண்மை மிக முக்கியம். அதை நான் எவருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதனால்தான் அதை விழாவுக்குப் பிறகு, ஓய்வாக, உரிய கவனத்துடன் வைத்துக்கொள்ளலாம் என்கிறேன். அவசரத்தில் தெரிந்துகொண்ட உண்மை விழாவில் சங்கடம் தரும். முடிவு நமக்குச் சாதகமாக வராவிட்டால் என்ன செய்வீர்கள்? அழைப்பிதழ்கள் அச்சாகிவிட்டன.”

ஹமீது பம்பை நிறுத்தினார். அடித்தளம் அமைதியானது. காதை வைத்துக் கேட்க ஒன்றும் இல்லாமல் அவர் குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றார். இயந்திரம் மெல்ல மெல்ல அறையின் வெப்பத்துக்கு வந்தது. இளமதி படிகத்தை வெளியே எடுத்து, பஞ்சு வைத்த சிறு பெட்டியில் இட்டார்.

அன்று மாலை ரக்ஷனா வந்தார்.

“அக்கா, உங்ககிட்ட ஒரு சூப்பர் ஐடியா சொல்லணும். சிறப்பு விருந்தினருக்கு நினைவுப்பரிசு குடுக்கணும். எல்லா ஃபங்ஷன்லயும் ஆர்க்கிட் பூவத்தான் தங்க முலாம் பூசித் தர்றாங்க. அவங்க வீட்ல ஒரு தோட்டமே இருக்கும். நம்ம யூனிக்கா குடுப்போமே. உங்க கல்லையே தங்கத்துல பதிச்சு...”

“அது ஒண்ணுதான் இருக்கு, ரக்ஷனா.”

“லிமிடெட் எடிஷனா? இன்னும் நல்லதுக்கா!”

“குடுக்க முடியாது. அத வெச்சுத்தான் மிச்ச வேலையே இருக்கு. இன்னொண்ணு வளர்க்கணும்னா ரெண்டு வருஷம் ஆகும்.”

“ஒரு ஓரமா கொஞ்சூண்டு வெட்டினா?”

“முடியாதுன்னா முடியாது லா.”

வாழ்நாளில் ஒரு மேலதிகாரியின் பிரதிநிதியிடம் இளமதி ‘முடியாது’ என்று சொன்னது அதுவே முதல் தடவை. பெட்டியை வீட்டுக்கு எடுத்துச் செல்ல விதி இடம் தரவில்லை. மேசையில் வைத்திருக்கவும் இடம் தரவில்லை. இயந்திரத்துக்கு வெளியே உள்ள ஆய்வுப் பொருள் எதுவாயினும் மையக் காப்பறையில் ஒப்படைக்கப்பட வேண்டும். இரும்புக் கதவு, இரட்டைப் பூட்டு, காவலர். இதைவிடப் பத்திரமான இடம் வேறு எது என்று எண்ணி அவர் அங்கேயே ஒப்படைத்தார்.

மறுநாள் அவருக்கு ஒரு கட்டாயப் பயிற்சி வகுப்பு இருந்தது. தலைப்பு: ‘மதிப்புமிக்க பொருள்களைப் பேணிக் காத்தல்’. கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். நாள் முழுவதும் படங்கள் காட்டி விளக்கினார்கள். நிறைவில் ஒரு தேர்வு வைத்தார்கள். “உங்கள் பொறுப்பிலுள்ள பொருளை மேலிடத்திலிருந்து எவரேனும் கேட்டால் என்ன செய்வீர்கள்?” என்ற வினாவுக்கு, “உரிமையாளரின் சம்மதமின்றித் தரமாட்டேன்” என்பதே சரியான விடை. அனைத்து வினாக்களுக்கும் சரியாக விடையளித்தவர் இளமதி ஒருவரே. அவருக்குச் சான்றிதழ் வழங்கிக் கைதட்டினார்கள்.

கைபேசி கைக்கு வந்தபோது ஹமீதின் தவறிய அழைப்புகள் வரிசையாகக் கிடந்தன.

“டாக்டர், எங்க இருந்தீங்க? காலையிலேயே ரக்ஷனா வந்து காப்பறையில கல்ல எடுத்துட்டுப் போயிட்டா. டைரக்டர் சொன்னாருன்னு செக்யூரிட்டி குடுத்துட்டாரு. நான் தடுத்துப் பாத்தேன். ‘நீங்க ஓனரா?’ன்னு கேட்டாங்க. சிராங்கூன் ரோட்டுல ஒரு நகைக்கடை, செல்லக்கண்ணு கடையாம். நான் வரவா?”

“வேணாம் அண்ணே. நான் போறேன்.”

ரயிலில் இடம் இருந்தும் இளமதி உட்காரவில்லை. லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வெளியே வந்து, காய்கறிப் பெட்டிகளையும் மாலைக் கடைகளையும் தாண்டி, தொலைபேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டே நடக்கும் தொழிலாளர்களை விலக்கிக்கொண்டு ஏறக்குறைய ஓடினார். செல்லக்கண்ணுவின் கடை சிறியது. முன்னே கண்ணாடிப் பெட்டிகள்; பின்னே பட்டறை. செல்லக்கண்ணு கண்ணில் செருகியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்தார்.

“வாங்கம்மா, உட்காருங்க. ஆபீஸ்லேருந்துதானே? சாமான் ரெடி. ஒரு குளிர்பானம் குடிக்கிறீங்களா?”

சிவப்பு வெல்வெட்டுப் பெட்டியைத் திறந்து காட்டினார். தங்க வட்டத்தின் நடுவே ஒரு பச்சைக் கல் பளபளத்தது. இளமதி அதைக் குனிந்து பார்த்தார்.

“இது என் கல் இல்ல, அண்ணே.”

“அட, கண்டுபிடிச்சிட்டீங்களே!” செல்லக்கண்ணுவுக்கு உண்மையான வியப்பு. “கடைக்கு வர்ற பெரிய பெரிய ஆளுங்களுக்கே தெரியாதும்மா.”

“என் கல் எங்க?”

செல்லக்கண்ணு வெல்வெட்டுப் பெட்டியை மூடினார்.

“நான் அந்தப் பொண்ணுகிட்ட போன்லயே கேட்டேம்மா, கொக்கி பத்த வெக்கணும், நெருப்பு பக்கத்துல போகும், கல்லு தாங்குமான்னு. அது சொல்லுச்சு, ‘அண்ணே, உலகத்துலேயே எந்தக் கல்லும் தாங்காத குளிரத் தாங்குற கல்லு இது, அதுதான் இதோட ஸ்பெஷலே’ன்னு. அவ்ளோ குளிரத் தாங்குற கல்லு இந்தச் சின்ன நெருப்பத் தாங்காதான்னு நானும் நெனச்சுட்டேன். குழலால நெருப்ப ஊதினேன். ஒரு நிமிஷம்கூட இல்ல. அப்படியே கறுத்துப் போச்சு. விரலால தொட்டேன், உதிர்ந்துடுச்சு.”

“ரக்ஷனாவுக்குச் சொன்னீங்களா?”

“சொல்லாம இருப்பேனா? உடனே போன் அடிச்சேன். ‘மீட்டிங்ல இருக்கேன், பச்சையா ஏதாச்சும் வெச்சு முடிச்சிடுங்க’ன்னு சொல்லிட்டு வெச்சிடுச்சு.” அவர் இழுப்பறையிலிருந்து ஓர் இளஞ்சிவப்புக் காகிதப் பொட்டலத்தை எடுத்துத் தந்தார். “கூட்டி எடுத்து வெச்சிருக்கேன். விலை மதிப்புள்ள கல்லாம்மா?”

இளமதி பொட்டலத்தைப் பிரித்தார். கரித்தூள் போல் ஒரு சிட்டிகை இருந்தது. அணுக்கள் அங்கேதான் இருந்தன. முக்கோணங்கள் இல்லை.

“கடையில விக்கிற மாதிரி விலை இல்ல, அண்ணே,” என்றார்.

“அப்ப பரவால்ல,” என்றார் செல்லக்கண்ணு நிம்மதியாக. பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவால்லையா?” என்று கேட்டார்.

மறுநாள் காலை ரக்ஷனா கண்கலங்கி வந்து மன்னிப்புக் கேட்டார். அந்தக் கண்ணீர் மெய்யானதே என்று நான் உறுதி கூறுகிறேன். ஆயினும் கண்ணீருக்கு இடையே, “ஆனா அக்கா, நீங்கதானே சொன்னீங்க, வெளிய பாத்தா சாதாரணக் கல்லு மாதிரிதான் இருக்கும், எல்லாமே உள்ளதான் நடக்குதுன்னு? அப்போ கண்ணாடின்னு யாருக்குத் தெரியப் போவுது?” என்றும் கேட்டார்.

இயக்குநர் இளமதியைத் தம் அறைக்கு அழைத்து, எதிரே அமரச் செய்து, தாமே தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

“இழப்பைத் தனிப்பட்ட முறையில் எடுத்துக்கொள்ளாதீர்கள். இதில் ஒரு நன்மையையும் நாம் காண வேண்டும். இதுவரை உங்கள் கோட்டில் மேடு இல்லை. கடைசிப் பகுதியில் ஒருவேளை வந்திருக்கலாம்; வந்திருந்தால் நாம் தோற்றிருப்போம். இனி அந்த ஆபத்து இல்லை. சோதித்துப் பார்க்கப் பொருளே இல்லாத நிலையில், நம் கண்டுபிடிப்பை உலகில் எவராலும் மறுக்க முடியாது. அறிவியலில் இத்தகைய பாதுகாப்பு எளிதில் கிடைப்பதன்று.”

இளமதி தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

விழா குறித்த நாளில் முகப்புக் கூடத்தில் நடந்தது. சிவப்புக் கம்பளம் விரித்தார்கள். சிங்க நடனம் ஆடினார்கள். வந்தவர்களுக்கெல்லாம் நிலையத்தின் பெயர் பொறித்த குடையும் தண்ணீர்ப் புட்டியும் கொண்ட பைகளைக் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினர் வந்தார். விசாலாட்சி மூன்றாம் வரிசையில் அமர்ந்து, அவர் தலையைச் சாய்க்கும் விதத்தைக் குறைகாணும் கண்ணோடு கவனித்துக்கொண்டிருந்தார்.

இயக்குநர் பேசினார். “முட்கள் ஒருபோதும் ஓர் ஒழுங்குக்கு அடங்குவதில்லை என்பதை நம் நிலையம் கண்டறிந்துள்ளது. இக்கண்டுபிடிப்பு, அனைத்துப் பிரிவுகளும் ஒரே திசையில் அணிவகுத்து நின்றதால் மட்டுமே சாத்தியமாயிற்று. மாற்றுக் கருத்து எழுந்த ஒவ்வொரு தருணத்திலும் அதை நாம் அன்போடு ஒழுங்குக்குக் கொண்டுவந்தோம்.”

விருந்தினர் பொத்தானை அழுத்தினார். பெருந்திரையில் இளமதியின் கோடு இடமிருந்து வலமாக ஓடி வந்து, அவர் ஒருபோதும் அளந்திராத இடத்தை அடைந்ததும் விருட்டென்று எழும்பி ஒரு மலைபோல் மேடு கட்டியது. மேட்டின் உச்சியில் வாணவேடிக்கை வெடித்தது. மேலிருந்து வண்ணக் காகிதங்கள் உதிர்ந்தன.

கைதட்டல் ஓய்ந்ததும் விருந்தினர் இளமதியின் பக்கம் வந்தார். பயனைப் பற்றிய கேள்விக்கு இளமதி தயாராக நின்றார். ஆனால் அந்த அம்மையார் திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஒத்திகையில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“அந்த மேடு இருக்கிறதே, அங்கே என்ன நிகழ்ந்தது?”

ரக்ஷனாவின் இரண்டு கைபேசிகளும் ஒரே நேரத்தில் கீழே இறங்கின. இயக்குநர் முன்னே நகர்ந்தார். அதற்குள் இளமதி பேசிவிட்டார்.

“அது நாங்கள் அளந்தது அல்ல, அம்மா. அப்படி ஒரு மேடு வந்திருந்தால் எங்கள் கண்டுபிடிப்பே தவறு என்று பொருள். உண்மையில் வந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. கடைசியாகக் குளிரவைத்துப் பார்ப்பதற்குள் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். கல்லும் எரிந்துவிட்டது. உங்களுக்குத் தரப்போகும் பரிசில் இருப்பது கண்ணாடி.”

நான்கு மொழி வாசகத்தின் கீழே எல்லாரும் அசையாமல் நின்றார்கள். விருந்தினரின் புருவம் சற்றே சுருங்கியது. அவர் ஏதோ கேட்க வாயெடுத்ததை அருகில் இருந்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்த வேளையில் அவருடைய உதவியாளர் காதருகே குனிந்து, அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டது என்றார்.

“சுவாரசியமாக இருக்கிறதே!” என்றார் விருந்தினர். தலையைச் சாய்த்து, இளமதியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அரங்கம் கைதட்டியது. அதுவரை ஒலித்ததிலேயே நீண்ட கைதட்டல் அதுதான். இயக்குநரும் தட்டினார். பரிசு வழங்கப்பட்டது, படம் எடுக்கப்பட்டது, வாகனங்கள் புறப்பட்டுச் சென்றன.

பின்பக்கத்துத் தள்ளுவண்டி வழியில் ஹமீது காத்திருந்தார்.

“உள்ள பேசினது இங்க கேட்டுச்சு டாக்டர். சொல்லிட்டீங்க.”

“சொன்னேன் அண்ணே. கைதட்டினாங்க.”

“அவங்க எதுக்குத்தான் தட்டல?” என்றார் ஹமீது. இருவரும் ஒரு குடையின் கீழ் ரயில் நிலையம்வரை நடந்தார்கள். மழை பெய்தது, குடையில் நிலையத்தின் பெயர் இருந்தது.

விழா முடிந்தும் பம்பை ஓடவிட உத்தரவு வரவில்லை; உள்ளே வைத்துக் குளிரவைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. படிகம் வளர்த்த உலை அறையை இடித்து, அந்தக் கண்டுபிடிப்பைப் பொதுமக்களுக்கு விளக்கும் காட்சிக்கூடம் கட்டினார்கள். கூடத்தின் வாசலில் கோட்டைப் பித்தளையில் வடித்து வைத்தார்கள், மேட்டோடு. ஆண்டிறுதியில் ஒப்பந்தங்களைப் புதுப்பித்தபோது, நிலையத்தின் திசையோடு இளமதி ஒத்துவரவில்லை என்று நாகரிகமான சொற்களில் தெரிவித்தார்கள்.

வாசகர்களின் பொறுமைக்கு நன்றி கூறி, இழந்தவற்றை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பச்சைப் பயறு அளவில் ஒரு படிகம். அது வளர்ந்த ஈராண்டு. அதை வளர்த்த உலை. ஓடாமல் நிற்கும் ஓர் இயந்திரம். அதனால் ஜூரோங்கில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு வேலை மாறிப் போன அப்துல் ஹமீது. இளமதியின் வேலை. ஈராண்டு உழைப்பில் எழுதப்பட்டு, கடைசிப் பக்கம் இல்லாததால் எங்கும் அனுப்பப்படாத ஓர் ஆய்வுக் கட்டுரை. அந்தக் கடைசிக் குளிரில் மேடு வந்திருக்குமா, வந்திராதா என்பது.